மஞ்சள் பையில் ஒரு பிடி செம்மண்

இது நிஜமாக நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கதை விடுகிறவனாக இருந்தால் நடுராத்திரி, சுடுகாடு, வெள்ளைச் சேலை, மல்லிகைப்பூ வாசம் என்று நன்றாகவே விட்டிருப்பேன். இதில் அதெல்லாம் கிடையாது. 2023 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் 5.20 முதல் 7.05 வரை. எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் ஒரு கரிசல் காடு. காடு என்றால் எங்கள் பக்கம் புன்செய் நிலம். அன்றைக்கு யாருக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தேன் என்பது வரை என் செல்போனில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை.

என் பெயர் லிங்கராஜ். கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறேன். சொத்து என்று சொன்னால் ஒரு பழைய ஆம்னி வேன். மனைவி சுகுணா. மகள் வள்ளிமயில், அப்போது நாலாம் வகுப்பு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள், ஒரே பிள்ளை. அவள் நாலு தும்மல் தும்மினால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எதையும் கிண்டல் செய்யாமல் இருக்கத் தெரியாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் அந்த வாயால் வந்ததுதான்.

காலாண்டுப் பரீட்சை லீவு விட்டிருந்தார்கள். சுகுணா ஆறு மாதமாகப் புதுச்சேரி, புதுச்சேரி என்று அரித்துக்கொண்டிருந்தாள். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

“கடல்தான பாக்கணும்? தூத்துக்குடி இந்தா இருக்கு. காலைல போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரலாம்” என்றேன்.

“தூத்துக்குடில மஞ்சக் கலர் வீடு வரிசையா இருக்கா? படகுல காட்டுக்குள்ள போவ முடியுமா? போனா ஒழுங்கா போவோம். இல்லைன்னா வீட்லயே கெடப்போம்.”

போனோம். வியாழக்கிழமை விடிகாலையில் கிளம்பி முதலில் சென்னை. மெரினாவில் சுண்டல், குதிரைச் சவாரி, மணலில் பாதி நாள். மறுநாள் பெசன்ட் நகர் கடற்கரை. வள்ளிமயில் அலைக்குப் பயந்து என் காலைக் கட்டிக்கொண்டு கத்தின கத்தலில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சனிக்கிழமை புதுச்சேரி. வெள்ளைக்காரன் போட்ட தெருக்கள் நூல் பிடித்த மாதிரி கிடந்தன. சுகுணா ஒவ்வொரு மஞ்சள் சுவர் முன்னாலும் நின்றாள், நான் படம் எடுத்தேன். ராத்திரி கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். யானை நுழைகிற உயரத்தில் கதவுகள். நடுவில் முற்றம். பின்பக்கச் சுவரை மூடிக்கொண்டு ஒரு காகிதப்பூச் செடி. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மூன்று நாட்கள் வந்ததில்லை.

ஞாயிறு காலை 5.50. வண்டியில் பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்தால், சுகுணா அந்தச் செடிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏட்டி, என்ன தோண்டுத? புதையலா?”

“மண்ணு எப்படிச் செவசெவன்னு பொலபொலன்னு இருக்கு பாருங்க. நம்ம கரிசல்ல ரோஜா வேர் பிடிக்கவே மாட்டேங்குது. தொட்டில கொஞ்சம் போட்டுப் பாப்போம்.”

மூன்று கை அள்ளி மஞ்சள் பையில் போட்டாள். முந்தின நாள் கடையில் கொடுத்த புதுப் பை. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குலதெய்வம் தூரத்து ஊரில் இருந்தால், அந்தக் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, புதுத் துணியில் முடிந்து, தெய்வத்தை மூன்று தரம் கூப்பிட்டு, நம் ஊருக்குக் கொண்டுவந்து கோயில் எழுப்பிக்கொள்ளலாம். பிடிமண் கோயில் என்போம். மண்ணுக்குப் பின்னாலேயே தெய்வம் வரும். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வழியில் மண்ணைத் தரையில் வைக்கக் கூடாது. எந்த இடத்தில் வைக்கிறோமோ அங்கேயே இறங்கிவிடும். அப்புறம் கிளப்ப முடியாது.

நான் அந்தச் செடி முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். சாமி வந்தவன் மாதிரி தோளைக் குலுக்கினேன்.

“இங்கன யாரு இருந்தாலும் சரி. எங்க கூட கோவில்பட்டிக்கு வாங்க... வாங்க... வாங்க!”

வள்ளிமயில் விழுந்து விழுந்து சிரித்தாள். “என் பக்கத்துல உக்காந்துக்கிடுங்க, எடம் இருக்கு” என்று அவளும் சேர்ந்துகொண்டாள்.

சுகுணாவுக்குத்தான் முகம் மாறியது. “என்ன விளையாட்டு இது? யாரு எவருன்னு தெரியாம கூப்புடுதீங்க” என்றாள்.

பத்து நொடி விளையாட்டு. அவ்வளவுதான் நான் செய்தது.

வண்டி கிளம்பும்போது மண் பையைக் கீழே வை என்றேன். வள்ளிமயில் மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டாள். “கீழ வைக்கக் கூடாதுப்பா” என்றாள். பிள்ளை விளையாடுகிறது, விளையாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிச்சாவரம் போய்ச் சேர்ந்தது 8.20. துடுப்புப் படகு ஒன்று பிடித்தோம். முன்பலகையில் நானும் சுகுணாவும். பின்பலகையில் வள்ளிமயில் தனியாக, மடியில் பையோடு. கடைசியில் படகுக்காரர். கொஞ்ச தூரம் அகலமான தண்ணீர். அப்புறம் படகு சின்னக் கால்வாய்களுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற வேர்கள். தலைக்கு மேல் இலை. வெயில் உள்ளே வரவில்லை. எங்கள் ஊரில் நாலு பக்கமும் அடிவானம் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்த கண் என்னுடையது. எனக்கு அங்கே மூச்சு முட்டியது.

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார்.

“பாப்பா பக்கத்துல என்ன சார் வெச்சிருக்கீங்க? படகு அந்தப் பக்கமே சாயுதே.”

ஒன்றும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் வெறும் பலகை. ஆனால் படகு சாய்ந்துதான் இருந்தது. பிள்ளை உட்கார்ந்திருந்த பக்கம் உயர்ந்து, காலி இடம் இருந்த பக்கம் தாழ்ந்திருந்தது.

“பலகைக்கு அடியில ஏதாவது கெடக்குதான்னு, பாப்பா பக்கத்துல போய் உக்காந்து பாருங்க சார்” என்றார் அவர். எழுந்தேன். வள்ளிமயில் கையை நீட்டித் தடுத்தாள்.

“அங்க உக்காராதீங்கப்பா.”

“ஏன்?”

“ஆளு இருக்கு.”

நான் சிரித்தேன். பிள்ளை என்னை மாதிரியே வந்திருக்கிறாள் என்று பெருமைகூடப் பட்டேன்.

10.15க்கு அங்கிருந்து கிளம்பினோம். இனி வழி நெடுக நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அப்போது எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆம்னியில் நடு இருக்கைக்கு இரண்டு பக்கமும் தள்ளுகிற கதவு உண்டு. நாங்கள் எப்போதும் இடது பக்கமாகத்தான் இறங்குவோம். 10.50க்கு சிதம்பரம் தாண்டி பெட்ரோல் போட்டோம். திரும்பி வந்து பார்த்தால் வலது பக்கக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. சாத்தினேன். 1.35க்கு விராலிமலைப் பக்கம் சாப்பாடு. வந்து பார்த்தால் அதே கதவு, அதே ஒரு சாண். பழைய வண்டி, கொக்கி தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். 3.25க்கு மதுரை தாண்டி டீக்கு நிறுத்தியபோது அந்தக் கதவை நானே பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன். டீ குடித்து வருவதற்குள் திறந்திருந்தது. அந்தப் பக்கமாக யாரோ இறங்கி, காலாற நின்றுவிட்டு, ஏறி உட்கார்ந்த மாதிரி.

மதுரை வரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்த வள்ளிமயில் அதற்குப் பிறகு எங்களிடம் பேசவில்லை. ஆனால் வாய் அசைந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மூன்று பேர் உட்காரும் இருக்கை. தனியாக இருக்கிறவள் இடது ஓரத்தில், கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி மயிலு, நல்லா நடுவுல உக்காரேன்.”

“எடம் இல்லப்பா.”

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

நேர் ரோட்டில் நெரிசல் என்று எட்டயபுரம் வழியாக வந்தோம். எட்டயபுரம் 4.55. கோவில்பட்டி ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரத்தில் பாலம் வேலை நடக்கிறது, சுற்றிப் போ என்று பலகை. சுற்றினால் ஒன்பது கிலோமீட்டர் கூடுதல். எனக்குக் காட்டுப்பாதை ஒன்று தெரியும். இரண்டே கிலோமீட்டர். லோடு ஏற்றிக்கொண்டு பத்துத் தடவையாவது போயிருக்கிறேன். காய்ந்த கரிசல் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். நனைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் நடக்கப் பழகின பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேற்கே கொஞ்சம் கருக்கலாக இருந்தது. மழையெல்லாம் வராது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்கிற ஒரே எண்ணம்தான்.

5.12க்குப் பாதையில் இறங்கினேன். 5.20க்கு மழை.

சடசடவென்று ஒரே கொட்டு. பத்து நிமிஷத்தில் பாதை முழுக்கக் களி. சக்கரத்தில் மண் அப்ப ஆரம்பித்தது. அப்பி, அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, சக்கரம் சுற்றுவதே நின்றுபோனது. எஞ்சின் உறுமியது. வண்டி அசையவில்லை.

இறங்கிப் பார்த்தேன். கால் கணுக்கால் வரை போனது. எடுத்தால் செருப்பு வரவில்லை. வெறுங்காலோடு நாலு எட்டு வைத்தேன், ஒவ்வொரு காலிலும் இரண்டு படி மண் ஏறிக்கொண்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் இதில் நடக்க முடியாது. திரும்ப வந்து ஏறினேன்.

5.34. மச்சினன் இசக்கிதுரைக்குப் போன் போட்டேன்.

“அத்தான், கரிசலுக்குள்ளயா விட்டிய? தெரிஞ்சே எறக்குனியளா?”

“ஏசுறத அப்புறம் ஏசு மாப்ள. ஆள அனுப்பு.”

“அங்கன பக்கத்துல மாடக்கண்ணுன்னு நமக்குத் தெரிஞ்சவரு இருக்காரு. டிராக்டர் வச்சிருக்காரு. மழை வெறிச்சதும் அனுப்புதேன். யாரும் எறங்காதீங்க. வண்டிக்குள்ளயே இருங்க.”

வண்டிக்குள்ளேயே இருந்தோம்.

5.50க்கு மழை சுத்தமாக நின்றது. மழை விட்டால் எங்கள் காட்டில் தவளை கத்தும், பூச்சி கத்தும். ஒன்றும் கத்தவில்லை. சுற்றிலும் முழங்கால் உயர மக்காச்சோளம். ஒரு தோகை அசையவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்ர்... கொஞ்சம் நிறுத்தம்... சர்ர்ர்ர்...

சுகுணா என்னைப் பார்த்தாள். மூன்று நாளாகக் கேட்ட சத்தம்தான் அது. கடல் அலை கரையில் ஏறி இறங்குகிற சத்தம். கடல் அங்கிருந்து எத்தனையோ மைல். ஆனால் சத்தம் சோளக்காட்டுக்குள் இருந்து வந்தது.

6.05. இருட்ட ஆரம்பித்தது. வண்டிக்குள் உப்பு வாடை. நாள்பட்ட சேறும் உப்பும் கலந்த வாடை.

சுகுணா முன் இருக்கையில் இருந்து பின்னால் திரும்பி, “என்னங்க... அந்தக் கண்ணாடியப் பாருங்க” என்றாள்.

வலது பக்கக் கண்ணாடி. மற்ற எல்லாக் கண்ணாடியும் தெளிவாக இருந்தது. அதில் மட்டும் உள்பக்கமாக ஒரு வட்டம் ஆவி. பிள்ளைகள் உட்கார்ந்தால் முகம் வருமே, அந்த உயரத்தில். வட்டம் பெரிதானது... சுருங்கியது... பெரிதானது... சுருங்கியது...

யாரோ கண்ணாடியில் முகத்தை ஒட்டி மூச்சு விடுகிறார்கள்.

நான் கதவைத் திறக்கப் போனேன். கைப்பிடி சும்மா ஆடியது. திறக்கவில்லை. சுகுணா பக்கம் திறக்கவில்லை. பின்னால் எட்டி இடது பக்கக் கதவை இழுத்தேன். வரவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் ஏறி இறங்கின வண்டி அது. தோளால் முட்டினேன். வண்டி ஆடியது, கதவு ஆடவில்லை. என் பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றினேன். நாலு விரல் அளவு இறங்கியது. அதோடு நின்றது.

6.18.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“வந்தாச்சான்னு கேக்குது.”

“யாரு கேக்குது?”

செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். வள்ளிமயிலின் கன்னம் இடது கண்ணாடியில் நசுங்கி ஒட்டியிருந்தது. அந்தப் பக்கமாக அவளை யாரோ நெருக்குகிறார்கள். ஆனால் பக்கத்தில் இருக்கை காலி. காலியான இருக்கையின் மெத்தை உட்கார்ந்த மாதிரிக் குழிந்திருந்தது.

சுகுணா பின்னால் தாவிப் பிள்ளையின் தோளைப் பிடித்தாள். அடுத்த நொடி கையை எடுத்துவிட்டாள்.

“என்னங்க, ஐஸ் மாதிரி இருக்கா!”

மறுபடி பிடித்து இழுத்தாள். வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். வரவில்லை. அப்போதுதான் பிள்ளையின் வலது கையைப் பார்த்தேன். காலி இருக்கைப் பக்கம் நீண்டிருந்தது. விரல்கள் மடங்கி... யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி... தோல் அமுங்கி, நாலு இடத்தில் வெளுத்துப் போயிருந்தது.

நாலு விரல். சின்ன விரல்.

6.29. இசக்கிதுரைக்குப் போட்டேன். டவர் இல்லை.

6.30. மறுபடி. இல்லை.

சர்ர்ர்ர்... சர்ர்ர்ர்... இப்போது வண்டிக்குப் பக்கத்தில்.

சுகுணா திடீரென்று கத்தினாள். “அந்த மண்ணு! அது இன்னும் மடிலயே இருக்கு. நீங்க கூப்புட்டீங்க, வந்துருக்கு. எடத்தக் காட்டுங்க. எறக்கி விடுங்க!”

“இங்கனயா? யார் காடுன்னே தெரியாதே...”

“அப்ப வீட்டுக்குக் கொண்டு போவமா? எம் புள்ள கையப் பாருங்க!”

ஊரான் காட்டில் எதை இறக்குகிறோம் என்று எனக்குத் தெரியும். விதைப்பவன் வருவான், களை எடுப்பவள் வருவாள் என்று தெரியும். ஆனாலும் பையைப் பிடித்தேன். என் பிள்ளை எனக்கு வேண்டும். அந்த நேரத்தில் வேறு எதுவும் எனக்குப் பெரிதில்லை.

காலையில் முக்கால் கிலோகூட இல்லாத மண். இப்போது தூக்க முடியவில்லை.

கையை விட்டு அள்ளினேன். ஈரம். சில்லென்றிருந்தது. நாலு விரல் இடைவெளி வழியாக வெளியே விட்டேன்.

“இதுதான் உங்க எடம். எறங்கிக்கிடுங்க.”

இரண்டாவது கை.

“எறங்கிக்கிடுங்க...”

மூன்றாவது கை. அழுதுவிட்டேன்.

“எறங்கிரு தாயி...”

செல்போன் வெளிச்சம் அணைந்தது.

கும்மிருட்டு.

அலைச் சத்தம் நின்றது.

கடகடகட...

வலது பக்கக் கதவு தானாகத் திறந்தது. முழுசாக.

வண்டி லேசாக மேலே எழும்பியது. ஒரு ஆள் இறங்கினால் எழும்புமே... அப்படி.

சளக்.

களியில் ஒரு காலடி.

சளக்... சளக்... சளக்...

சோளத்துக்குள் போனது.

கடகடகட... டப்.

கதவு சாத்திக்கொண்டது.

நான் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை. செல்போன் மறுபடி எரிந்தபோது மணி 6.47. இருக்கையின் நடுவில் வள்ளிமயில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கதகதவென்று இருந்தது. சுகுணா அவளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நான் கதவைத் தொட்டேன். வெண்ணெய் மாதிரித் திறந்தது.

7.05க்கு டிராக்டர் வந்தது. மாடக்கண்ணு ஐம்பது வயது ஆள், நல்ல மனுஷன். சங்கிலி போட்டுக் கட்டும்போது டார்ச்சைத் தரையில் அடித்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, பிள்ள எறங்குச்சா? சின்னத் தடமா காட்டுக்குள்ள போவுதே.”

“ஆமா. ஒண்ணுக்கு எறங்குச்சு” என்றேன்.

“திரும்பி வார தடம் இல்லையே” என்றார். பிறகு அவரே, “மழைத் தண்ணி அழிச்சிருக்கும்” என்று சொல்லிக்கொண்டார். அது யார் காடு என்று கேட்டேன். “நம்ம காடுதான் அண்ணாச்சி” என்றார். காப்பாற்ற வந்தவர் காட்டில் அதை இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தேன்.

வள்ளிமயில் மறுநாள் காலை பத்து மணிக்கு எழுந்தாள். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. வயிறு நிறைய இட்லி சாப்பிட்டாள். மெரினா, புதுச்சேரி, படகு எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. பயந்த பிள்ளை, மறந்தவரை நல்லது என்று நாங்களும் பேச்சை எடுக்கவில்லை. புதுச்சேரி வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்து அந்தச் செடிக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டேன். “செடிதான் சார், வேற என்ன?” என்றார்கள். அதற்கு மேல் இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறு வருஷம் ஆடி மாதம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மத்தியானம் 3.40.

“அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா?”

மாடக்கண்ணு. டிராக்டருக்கு சாமான் வாங்க வந்திருக்கிறார். இழுத்துப் பிடித்துச் சிரித்தேன். பேச்சுவாக்கில் அவரே ஆரம்பித்தார்.

“அன்னைக்கு உங்க வண்டி பதிஞ்ச எடத்துல இப்ப பீடம் வச்சிருக்கோம் அண்ணாச்சி.”

“பீடமா?”

“களை எடுக்கப் போன பொம்பளையள் பட்டப்பகல்ல பிள்ள அழுத சத்தம் கேக்குன்னு சொன்னாவ. வேலுத்தாயின்னு ஒரு பிள்ள நேர்லயே பாத்துட்டு மூணு நாளு படுத்துட்டா. சரின்னு கோடாங்கியக் கூட்டியாந்து குறி கேட்டோம். அவரு உடுக்க அடிக்க அடிக்க அது பேசுச்சு. சின்னப் பொட்டப்பிள்ள அண்ணாச்சி.”

டீ கிளாசைக் கீழே வைத்தேன்.

“யாருன்னு கேட்டியளா?”

“கேட்டாரு. பேரு வள்ளிமயிலாம். ஊரு கோவில்பட்டியாம். அப்பா பேரு லிங்கராஜ்னு சொல்லுச்சு. அதான் உங்களப் பாத்ததும் நெனப்பு வந்துச்சு, உங்க பேரும் அதான. உங்க சொந்தத்துல அப்படி யாராவது பிள்ள தவறிருக்கா அண்ணாச்சி?”

என் மகள் பெயர் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

“இல்ல” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

“வேற... வேற என்ன சொல்லுச்சு?”

“வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒண்ணையே சொல்லிச் சொல்லி அழுதுச்சு. ‘எங்க அப்பா எறங்கச் சொன்னாவ, எறங்குனேன். கதவச் சாத்திட்டுப் போயிட்டாவ. எப்ப வருவாவ?’ன்னு.”

வீட்டுக்கு வந்தபோது மணி 4.25. வள்ளிமயில் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, உடை மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுகுணா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுகுணாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அங்கே விளக்குப் போடுகிறார்களாம். வாங்க அண்ணாச்சி என்று மாடக்கண்ணு இரண்டு தடவை போன் செய்துவிட்டார். எனக்கு அந்தக் காட்டுக்குப் போகப் பயம். பேய்க்குப் பயந்து அல்ல. அங்கே அழுவது என் பிள்ளையா இல்லையா என்று, குரலைக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.